கலியாண வீடியோவுக்கு ஆள் பேசும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசியாயிற்று, ஐயரும் மேளமும் பேசியாயிற்று என்ற கட்டத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வீடியோவுக்கு ஆள் தேடத் தொடங்குகின்றன. கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோ, வவுனியாவில் ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வரக்கூடியது ஒன்று என மூன்று விலைப்பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. மூன்றிலும் 4கே, சினிமாட்டிக், கேண்டிட், ட்ரோன், ஹைலைட் என்ற அதே சொற்கள் இருக்க, விலை மட்டும் இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு வேறுபடுகிறது. சொற்கள் ஒன்றாயிருந்தும் விலை வேறாயிருந்தால், அந்த வேறுபாடு பட்டியலில் எழுதப்படாத இடத்தில்தான் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதையும், வன்னியில் கலியாணம் செய்யும் ஒரு குடும்பம் அதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதையும் இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

## ஒரு விலைக்குள் மூன்று வேலைகள்

கலியாண வீடியோ என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் மூன்று வேலைகளின் தொகுப்பு.

1. எடுத்தல். ஒருவரோ பலரோ கமராவுடன் வந்து நின்று நடப்பதைப் பதிவுசெய்வது. குடும்பத்தின் கண்ணுக்குத் தெரியும் வேலை இது ஒன்றுதான்.

2. தொகுத்தல், அதாவது எடிற்றிங். காலை 6 மணி முதல் நண்பகல் வரை இரண்டு கமராக்கள் ஓடினால் 12 மணிநேரக் காட்சி சேர்கிறது. அதை ஒருமுறை பார்த்து முடிக்கவே ஒன்றரை நாள் வேலை வேண்டும். பின்னர் இரண்டு கமராவையும் ஒலியையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்த வேண்டும், வெட்ட வேண்டும், நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். விலைகளுக்கிடையிலான வேறுபாட்டில் பெரும் பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் இந்த நாட்களைத்தான் குறைக்கிறார்.

3. காத்தல். எடுத்த கோப்புகளைக் கையளிக்கும் நாள்வரை பத்திரமாக வைத்திருப்பது. இதைப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை, குடும்பங்களும் கேட்பதில்லை. வன்னியைப் பொறுத்தவரை மூன்றிலும் முக்கியமானது இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. காரணம் பின்னால் வருகிறது.

இவற்றோடு கருவிகளின் விலையும் சேர்கிறது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. கமரா, லென்ஸ், மெமரி காட் எல்லாமே இறக்குமதிப் பொருட்கள் என்பதால் அதற்கு முன்னர் வாங்கிய கருவிகளோடு தொழில் செய்பவருக்கும் பின்னர் வாங்கியவருக்கும் முதலீட்டில் பெரிய இடைவெளி உண்டு. அண்ணன் கலியாணத்துக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த தொகையை இன்றைக்கு அளவுகோலாக வைத்துப் பேரம் பேசுவதில் பொருளில்லை.

## பட்டியலில் வரும் சொற்கள்

4கே என்பது படத்தின் பருமனைக் குறிக்கும் சொல். முழு எச்டி படம் 1920 புள்ளிகள் அகலமும் 1080 புள்ளிகள் உயரமும் கொண்டது. 4கே படம் 3840 புள்ளிகள் அகலமும் 2160 புள்ளிகள் உயரமும் கொண்டது. எனவே 4கேயில் நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் புள்ளிகள் கூடுவதால் மட்டும் படம் நன்றாகிவிடாது. இருட்டு மண்டபத்தில் மலிவான லென்ஸுடன் எடுத்த 4கே படத்தைவிட, போதிய வெளிச்சத்தில் எடுத்த முழு எச்டி படம் தெளிவாக இருக்கும். 4கேயில் எடுத்து முழு எச்டியில் கொடுப்பதும் வழக்கம். அது ஏமாற்று வேலை ஆகாது. தொகுக்கும்போது படத்தைச் சற்றுப் பெருப்பித்து வெட்ட இடம் கிடைக்கும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். எந்தப் பருமனில் கையளிப்பார்கள் என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

சினிமாட்டிக் என்ற சொல்லுக்குத் தொழில்நுட்ப வரையறை எதுவும் கிடையாது. பின்னணி மங்கலாகவும் முகம் கூர்மையாகவும் தெரியும் லென்ஸ், ஆட்டமில்லாமல் நகரும் கமரா, வேகம் குறைத்த காட்சி, பின்னணி இசை ஆகியவற்றின் கலவையைத்தான் அப்படி அழைக்கிறார்கள். வேகம் குறைத்த காட்சியின் கணக்கு எளியது. விநாடிக்கு 50 படச்சட்டங்கள் எடுத்து, விநாடிக்கு 25 என்ற வேகத்தில் ஓடவிட்டால் அசைவு பாதி வேகத்தில் தெரியும். இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: வேகம் குறைத்த காட்சிக்கு அந்த நேரத்து ஒலி பயன்படாது. முழுக் கலியாணத்தையும் சினிமாட்டிக்காக எடுத்துத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், ஐயரின் மந்திரத்துக்கும் பெரியவர்களின் ஆசிக்கும் பதிலாகப் பாட்டுத்தான் கேட்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது முழுநீள வீடியோ. பால் அறுகு வைப்பதிலிருந்து ஆலாத்தி எடுப்பது வரை ஒன்றையும் விடாமல் வரிசையாகக் காட்டும் இரண்டு மூன்று மணிநேரப் படம் அது. இளையவர்களுக்கு அதில் ஆர்வம் குறைவு. கலியாணத்துக்கு வர முடியாத பெரியம்மாவுக்கும் வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாவுக்கும் அதுதான் வேண்டும். ஹைலைட் எனப்படும் ஐந்து நிமிடத் துண்டையும் முழுநீளத்தையும் சேர்த்துத் தருகிறார்களா, அல்லது ஒன்றுக்குத்தான் விலையா என்பது பட்டியலில் அடிக்கடி தெளிவில்லாமல் விடப்படும் விடயம்.

மூலப் பதிவு என்பது வெட்டாத, ஒட்டாத, கமராவிலிருந்து இறக்கிய கோப்புகள். கேண்டிட் என்பது ஆட்களை நிறுத்தி வைக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது. அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

## தாலி ஏறும் அரை நிமிடம்

ஒரு கலியாணத்தில் திரும்பச் செய்துகாட்டச் சொல்ல முடியாத நிகழ்ச்சி தாலி கட்டுவது. வீடியோக்காரரின் தரத்தை அளக்க அந்த அரை நிமிடமே போதும் என்பதால் அதைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்கலாம்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையோருக்குக் காட்டி ஆசி வாங்கி வருகிறார். ஓமப் புகை மணவறையின் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக உச்சத்துக்குப் போகின்றன, மாப்பிள்ளை எழுந்து குனிகிறார், அதே கணத்தில் முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறார்கள், அறுகரிசியும் பூவும் பறக்கின்றன. நிழற்படக்காரர் முன்னால் பாய்கிறார். எழுந்து நின்ற மாமாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கமராவில் பதிவாவது அவருடைய வேட்டிச் சால்வைதான். அனுபவமுள்ளவர் பத்து நிமிடத்துக்கு முன்பே மணவறையின் பக்கவாட்டில் ஓர் இடம் பிடித்திருப்பார். இரண்டாவது கமராவைத் தலைகளுக்கு மேலாக முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டிருப்பார். முதல் கமரா மறைக்கப்பட்டாலும் இரண்டாவதில் காட்சி இருக்கும். ஒருவர், ஒரு கமரா என்ற பொதியில் இந்தக் காப்பீடு இல்லை. குறைந்தது தாலி கட்டும் நேரத்துக்காவது இரண்டாவது கமரா வேண்டும் என்று கேட்பது ட்ரோன் கேட்பதைவிடப் பல மடங்கு புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் கருவியின் ஒரு குணத்தையும் அறிந்திருப்பது நல்லது. நிழற்படக் கமரா வகையைச் சேர்ந்த பல கருவிகள், தொடர்ந்து 29 நிமிடம் 59 விநாடி பதிவுசெய்ததும் தாமாகவே நின்றுவிடும். அரை மணிநேரமும் அதற்கு மேலும் பதிவுசெய்யும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமராவாகக் கணித்துக் கூடிய சுங்கவரி விதித்துவந்ததால், அதைத் தவிர்க்க உற்பத்தியாளர்கள் வைத்த எல்லை அது. புதிய கருவிகள் பலவற்றில் இது நீக்கப்பட்டிருக்கிறது, பழையவற்றில் இன்னும் உண்டு. முக்காலியில் நிறுத்திவிட்டு வந்த கமரா சரியாகக் கன்னிகாதானத்தின்போது நின்றிருப்பதை வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கூரை மண்டபத்தில் 4கே பதிவு ஓடினால் கருவி சூடேறி நிற்பதும் உண்டு. “கமரா இடையில் நின்றால் உங்களுக்கு எப்படித் தெரியவரும்?” என்ற கேள்விக்கு ஒரு வீடியோக்காரர் சொல்லும் பதிலிலிருந்து அவருடைய அனுபவத்தை மட்டிடலாம்.

## வெளிச்சம்

இலங்கையில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். கமராவின் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 50இல் ஒரு பங்கு விநாடி அல்லது 100இல் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் படம் அமைதியாக இருக்கும். வேறு அளவில் வைத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்கும். மணவறைப் பின்னணியில் கட்டும் மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் இந்தக் கணக்குக்கும் கட்டுப்படாதவை. முதல்நாள் மாலை மண்டபத்துக்குப் போய் விளக்குகளைப் போட்டுப் பார்க்கும் வீடியோக்காரர் வீண் பகட்டுக்காகப் போவதில்லை.

வீட்டுப் பந்தலில் நடக்கும் கலியாணத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. நீலத் தறப்பாள் கட்டிய பந்தலுக்குள் பகல் வெளிச்சம் நீலமாகவே இறங்கி, மணப்பெண்ணின் முகம் முதல் சோற்றுப் பானை வரை நீலம் பூசியதுபோல் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கலந்த பந்தல் துணியும் இதையே வேறு நிறத்தில் செய்யும். எடிற்றிங்கில் ஓரளவு திருத்தலாம், முழுவதும் முடியாது. மணவறைக்கு நேர் மேலே மட்டுமாவது வெள்ளைத் துணி கட்டினால் பாதித் தொல்லை போய்விடும். செலவு சில கெஜம் துணி.

## ஒலி

படம் சற்றுக் கெட்டாலும் பார்க்கலாம், ஒலி கெட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் விலை பேசும்போது ஒலியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கமராவோடு ஒட்டிய மைக் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளும்: மின்விசிறி, பிள்ளைகளின் சத்தம், பந்தியில் இலை போடும் கூச்சல், மண்டப ஒலிபெருக்கி. பெரும்பாலான கமராக்கள் ஒலியின் அளவைத் தாமே கூட்டிக் குறைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். கெட்டிமேளம் எழும்போது கருவி அளவைக் கீழே இறக்கும். மேளம் நின்றதும் உடனே ஏற்ற மாட்டாது. அந்த இடைவெளியில் ஐயரும் பெரியவர்களும் சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒலிக்கும். அளவு தானாக இறங்காத கருவியில் தவிலின் அடி எல்லையைத் தாண்டிச் சிதறும். அப்படிச் சிதறிய ஒலியைத் திருத்தவே முடியாது.

இதற்கான தீர்வு விலை உயர்ந்தது அல்ல. மாப்பிள்ளையின் சால்வைக்குள் ஒரு சிறிய மைக், மேளகாரருக்கு அருகில் அளவு குறைத்து வைத்த தனிப் பதிவுக்கருவி ஒன்று, இவ்வளவும் போதும். இவை இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். மேளத்துக்கென்று தனியாகப் பணம் கொடுத்து நல்ல கோஷ்டியைப் பிடித்துவிட்டு, அந்த வாசிப்பின் மீது சினிமாப் பாட்டை ஒட்டிப் பெற்றுக்கொள்வது பலருடைய வீடியோக்களில் நடக்கிறது. தாலி கட்டும் காட்சியில் பாட்டுச் சேர்க்கக்கூடாது என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் நடக்காது.

தேவாலயத்தில் நடக்கும் திருமணத்துக்கு இதிலும் முன்னதாகச் செய்ய வேண்டியது பங்குத்தந்தையிடம் கேட்பது. பீடத்துக்குள் நுழையலாமா, எந்த இடம் வரை கமரா வரலாம் என்பது அந்தந்தப் பங்கின் ஒழுங்கு. முஸ்லிம் குடும்பங்களின் நிக்காஹ்வில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர் கிடைப்பாரா என்பது முதற்கேள்வியாக இருக்கும்.

## ட்ரோனும் நேரலையும்

ட்ரோன் பறக்கவிடுவது இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் ட்ரோன் பறப்புகள் அனைத்தும் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டதும் உண்டு. வன்னியில் படைமுகாம்கள் இல்லாத திசையைத் தேடித்தான் பறக்கவிட வேண்டியிருக்கும். எனவே கருவியின் பதிவும் பறப்புக்கான அனுமதியும் யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் பெறாமல் ட்ரோனுக்குக் காசு கொடுக்கக்கூடாது. கலியாண நாளில் பொலிஸ் வந்து விசாரிப்பது மணப்பெண்ணின் தகப்பனாரிடமாகத்தான் இருக்கும். இரணைமடுக் குளக்கட்டில் எடுக்கும் இருபது விநாடிக் காட்சிக்கு இந்தத் தலையிடி தேவையா என்பது அவரவர் முடிவு.

நேரலை வேறு கதை. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் பாதி உறவு இருக்கும் குடும்பத்துக்கு அது ஆடம்பரமாகாது. ஆனால் அது வீடியோவின் தரத்தைவிடச் சிக்னலின் தரத்தைப் பொறுத்தது. முழு எச்டி நேரலைக்கு விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் மேலேற்றும் வேகம் தடையின்றி வேண்டும். கைப்பேசியில் பார்க்கும் வேகச் சோதனையில் பெரிய எண்ணாகத் தெரிவது கீழிறக்கும் வேகம், அதை நம்பி ஏமாறக்கூடாது. அந்த அளவில் ஒரு மணிநேரத்துக்கு இரண்டேகால் ஜிபி டேட்டா செலவாகும். மண்டபத்தில் ஐந்நூறு பேர் கைப்பேசியுடன் கூடும்போது அதே கோபுரத்தின் வேகம் பங்குபோகும் என்பதால் சோதனையை வெறும் மண்டபத்தில் செய்து திருப்திப்படவும் முடியாது. இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பவரைத் தெரிவுசெய்வது நல்லது. யூடியூபில் முதன்முறையாக நேரலை வசதியைத் திறப்பதற்கு 24 மணிநேரம் வரை எடுக்கும். முகூர்த்தத்துக்கு அரை மணிநேரம் முன்பு மருமகனிடம் கைப்பேசியைக் கொடுத்து ஏற்பாடு செய்யச் சொன்னால் நடக்காது. மண்டப ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால், உரிமையுள்ள இசையைத் தானாக அடையாளம் காணும் ஏற்பாடு நேரலையை ஊமையாக்கலாம் அல்லது நிறுத்தலாம்.

## வைத்திருத்தல்

2002இல் ஏ9 வீதி திறந்து 2006 ஆகஸ்டில் மூடப்படும் வரையிலான சமாதான காலத்தில் வன்னியில் நடந்த கலியாணங்கள் பல வீடியோவாக எடுக்கப்பட்டன. 2008இன் பிற்பகுதியிலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்தபோது, கசெற்றும் சீடியும் அல்பமும் வீடுகளிலும் பதுங்குகுழிகளிலும் விடப்பட்டன. இன்று பல குடும்பங்களின் கையில் இருப்பது, கலியாணம் முடிந்த கையோடு வெளிநாட்டு உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைத்த பிரதி மட்டுமே. அந்தப் பிரதியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முகம்தான் இறந்தவரின் ஒரே படமாகச் சுவரில் தொங்கும் வீடுகளும் உண்டு. மூன்று வேலைகளில் காத்தல் முக்கியமானது என்று முன்னர் சொன்னதற்குக் காரணம் இதுவே.

கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே காட்சி மணிக்கு 45 ஜிபி இடம் பிடிக்கும். இரண்டு கமரா ஆறு மணிநேரம் ஓடினால் 540 ஜிபி. இது ஒரு கலியாணத்துக்கு. முகூர்த்த மாதத்தில் ஒரு ஸ்ரூடியோ பத்துக் கலியாணம் எடுத்தால் ஐந்து டெராபைட்டைத் தாண்டும். இடம் போதாமல் பழையவற்றை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவது தவிர்க்க முடியாதது, அதில் குற்றம் காண்பதற்கில்லை. எப்போது அழிப்பார்கள் என்பதைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுக்கும் நேரத்திலேயே காத்தல் தொடங்கிவிடுகிறது. இரண்டு மெமரி காட் போடும் இடமுள்ள கமராவில் ஒரே காட்சியை இரண்டிலும் சமநேரத்தில் பதியலாம். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். அந்த வசதி இல்லாதவர் அன்றிரவே இரண்டு வெவ்வேறு வட்டுகளில் இறக்கிவைக்க வேண்டும்.

கையளித்த பின்னர் பொறுப்பு குடும்பத்தினுடையது. பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றூரில். பென்ட்ரைவ் கொண்டுபோகக் கொடுக்கத்தான் நல்லது, பல ஆண்டு வைத்திருக்க உகந்ததில்லை. ஹார்ட் டிஸ்க்கை அலுமாரியில் வைத்து மறந்துவிடாமல் ஆண்டுக்கு ஒருமுறை இணைத்துப் பார்க்க வேண்டும். கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் முழு எச்டி முழுநீளப் படமும் ஹைலைட்டும் பொதுவாக அடங்கிவிடும். வேற்றூர்ப் பிரதிக்கு வெளிநாட்டு உறவினரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.

பழைய கசெற் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வீஎச்எஸ் கருவி செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடக்கூடிய கருவிகள் குறைந்துகொண்டே போகின்றன. பூஞ்சணம் பிடித்த கசெற்றைக் கருவியில் போட்டுப் பார்க்கக்கூடாது. நாடாவும் கெடும், கருவியும் கெடும். புதிய கலியாணத்துக்கு ஆள் பேசும்போதே, பெற்றோரின் பழைய கலியாணக் கசெற்றை மாற்றித் தர முடியுமா என்று அதே ஸ்ரூடியோவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

## எழுத்தில் இருக்க வேண்டியவை

முத்திரையும் சட்டத்தரணியும் தேவையில்லை. ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டாலே போதும். அதுவும் கூச்சமாயிருந்தால் வாட்ஸ்அப்பில் வரிசையாக எழுதி அனுப்பி “சரி” என்ற பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

1. யார் வருவார்? நல்ல முகூர்த்த நாளில் வன்னி முழுவதும் கலியாணம். ஒரே ஸ்ரூடியோ இரண்டு மூன்று இடங்களை ஏற்று, மாதிரி வீடியோ எடுத்த ஆளை ஓரிடத்துக்கும் புதியவரை மற்ற இடத்துக்கும் அனுப்புவது சாதாரணம். வருபவரின் பெயர் எழுதப்பட வேண்டும். அவர் எடுத்த ஒரு முழுநீளக் கலியாணத்தை, ஹைலைட்டை அல்ல, பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

2. எந்தெந்த நிகழ்ச்சிகள்? பொன்னுருக்கு, கன்னிக்கால் நடுதல், கலியாணம், விவாகப் பதிவு, வரவேற்பு, நாலாம் சடங்கு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். “கலியாணம் முழுக்க” என்ற சொல்லுக்கு வீட்டாரும் ஸ்ரூடியோவும் வேறுவேறு பொருள் கொள்வார்கள். பதிவாளர் முன் கையொப்பமிடும் காட்சியை விட்டுவிட வேண்டாம்; சட்டப்படி சான்று விவாகச் சான்றிதழ்தான் என்றாலும், வெளிநாட்டு விசா விண்ணப்பத்தோடு கலியாணப் படங்களையும் இணைக்க வேண்டிவருவோர் பலர்.

3. என்ன கிடைக்கும், எப்போது? முழுநீளம் எத்தனை மணிநேரம், ஹைலைட் எத்தனை நிமிடம், எத்தனை திருத்தங்களுக்கு இடம், எந்தத் திகதிக்குள். “கெதியாத் தருவம்” என்பது திகதி ஆகாது.

4. மூலப் பதிவு கிடைக்குமா? சிலர் தர மறுப்பார்கள், சிலர் மேலதிக விலை கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க்கை நாமே வாங்கிக் கொடுத்தால் பலர் இணங்குவார்கள். கையளித்து எத்தனை மாதத்துக்குப் பிறகு அழிப்பார்கள் என்பதும் இதே வரியில் வர வேண்டும்.

5. யார் வெளியிடலாம்? இலங்கையில் ஒலி, ஒளிப் படைப்புகளுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. காசு கொடுத்தோம், ஆகவே எல்லாம் எங்களுடையது என்று குடும்பமும், எடுத்தவன் நான் என்று ஸ்ரூடியோவும் நினைத்துக்கொண்டிருப்பதில்தான் பிணக்கு முளைக்கிறது. பெண்ணின் நகையும் வீட்டின் உட்புறமும் பிள்ளைகளின் முகமும் தெரியும் காட்சிகளை ஸ்ரூடியோ தன் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போடலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

6. நாள் தள்ளிப்போனால்? உறவில் ஒரு செத்தவீடு வந்து துடக்கு என்றானால் கலியாணம் தள்ளிப்போகும். கொடுத்த முற்பணம் புதிய நாளுக்குச் செல்லுமா, அந்த நாளில் ஸ்ரூடியோவுக்கு வேறு வேலை இருந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரிமழையில் வீதி தடைப்படுவதும் இதில் அடங்கும்.

7. பணம் எப்படி? மூன்று தவணை நியாயமானது: பேசும்போது ஒரு பங்கு, கலியாண நாளில் ஒரு பங்கு, கையில் பெற்றுச் சரிபார்த்த பின் மிச்சம். முழுப் பணத்தையும் கலியாண வீட்டிலேயே கொடுத்து முடித்த குடும்பங்கள்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஸ்ரூடியோவுக்கு நடக்கின்றன. ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். விவகாரம் மத்தியஸ்த சபைவரை போனால் அங்கே பேசுவது அந்தச் சீட்டுத்தான்.

## வீடியோக்காரருக்குச் சொல்லிவைக்க வேண்டியவை

வெளியூரிலிருந்து வரும் படப்பிடிப்பாளருக்குத் தாய்மாமன் யார், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. நல்ல சேலை உடுத்தவரை நோக்கித்தான் கமரா திரும்பும். குடும்பத்தை முழுவதும் அறிந்த, சோர்ந்துபோகாத ஓர் இளைஞரையோ யுவதியையோ அவருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆள் காட்டச் சொல்வது, எந்தப் பட்டியலிலும் இல்லாத, செலவில்லாத ஏற்பாடு. எழுபது வயதைத் தாண்டிய உறவினர்களை ஒவ்வொருவராக, இருந்த இடத்திலேயே அரை நிமிடம் எடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

வன்னிக் கலியாண வீடுகள் பலவற்றில் மாலை போட்ட ஒரு படமும் மண்டபத்துக்கு வருகிறது. மணமக்கள் வணங்கிவிட்டு மணவறைக்குப் போவார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் என்றால் மாலை போடாமல் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் தாயின் முகத்துக்குக் கிட்டக் கமராவைக் கொண்டுபோவதா, தள்ளி நின்று எடுப்பதா, எடுக்காமலே விடுவதா என்பதைக் குடும்பம் தீர்மானித்து வீடியோக்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணீருக்குச் சோகப் பாட்டுப் போட்டு வேகம் குறைத்துக் காட்டும் எடிற்றிங் சில இடங்களில் வழக்கமாகிவருகிறது. வேண்டாம் என்பவர்கள் முன்னரே சொல்லாவிட்டால் அது ஹைலைட்டின் முதற்காட்சியாகக்கூட வந்துவிடும். கைம்பெண்ணான தாய் மணவறையில் நிற்கப்போகிறார் என்றால் அதையும் சொல்லிவைக்க வேண்டும். பழைய வழக்கத்தை நினைத்துக் கமரா அவரை விலக்கிவிடக்கூடாது.

## கடைசித் தவணைக்கு முன்

கோப்பு கையில் வந்ததும் ஸ்ரூடியோவின் கணினியில் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டு டிவியில் போட வேண்டும். எச்265 என்னும் முறையில் சுருக்கிய கோப்புகளைப் பழைய டிவிகள் திறக்காது. எச்264 முறையில் இன்னொரு பிரதி கேட்டுப் பெறலாம். அடுத்து, தாலி கட்டும் இடத்துக்குப் போய், காதில் ஹெட்போன் மாட்டி, கெட்டிமேளம் எழுவதற்கு முன் ஒரு நிமிடத்திலிருந்து அது அடங்கிப் பின் ஒரு நிமிடம் வரை கேட்க வேண்டும். பிறகு ஐந்தாறு இடங்களில் தாண்டித் தாண்டி ஓடவிட்டு, கோப்பு கடைசிவரை போகிறதா என்று பார்த்து, ஒரு பிரதியை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பி, அங்கே திறந்ததாகப் பதில் வந்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுக்கலாம்.